மெத்தையிலிருந்து உதிரும் தூசு



சென்ற ஆண்டு ரமளானுக்கு முந்தைய மாதம், வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டுச் சாமான்களில் ஒரு பகுதியை நமது டிரஸ்டுக்கு அன்பளிப்பாகத் தந்தார்கள். இரண்டு சோபாக்கள், நான்கு ஃபோம் மெத்தைகள், ஒரு பழைய டிவி, சில விரிப்புகள். நன்றியோடு பெற்றுக்கொண்டு, மஹல்லாவில் தேவையுள்ள வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தோம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். "காக்கா, குறை சொல்ல வரலை. அந்த மெத்தையைத் திருப்பி எடுத்துக்கங்க. உறை கிழிஞ்ச இடத்துலேருந்து மஞ்சப் பொடியாக் கொட்டுது. எத்தனை தடவை கூட்டினாலும் திரும்பக் கொட்டுது. புள்ளை தவழ்ற வயசு. எந்நேரமும் கையை வாயில வெச்சுக்கிட்டே இருக்கான்" என்றார்.

மறைக்காமல் சொல்கிறோம்: அன்று எங்கள் மனத்தில் முதலில் எழுந்தது அனுதாபம் அல்ல. இலவசமாகக் கிடைத்த பொருளில் இவ்வளவு குறையா என்றுதான் நினைத்தோம். மெத்தையைத் திரும்ப வாங்கிக் கிடங்கில் போட்டுவிட்டு மறந்துபோனோம். பிறகு, நமது கல்வி உதவியில் வேதியியல் முதுகலை படிக்கும் ஒரு மாணவி விடுமுறையில் அலுவலகத்துக்கு வந்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னோம். "அந்தப் பொடியில் என்ன இருக்கும் என்று யாராவது யோசித்தீர்களா?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியைத் தொடர்ந்து நாங்கள் படித்ததைத்தான் இந்த இதழின் பாடமாகத் தருகிறோம். அந்த மெத்தையைப் பரிசோதனைக் கூடத்துக்கு நாங்கள் அனுப்பவில்லை. ஆனால் படித்து முடித்தபோது ஒன்று தெளிவாகியது: அந்தத் தாய் கவலைப்பட்டது சரி, நாங்கள் நினைத்தது தவறு.

தீயைத் தடுக்கச் சேர்த்த பொருள்

சோபாவிலும் மெத்தையிலும் இருக்கும் ஃபோம் பெட்ரோலியத்திலிருந்து பெறும் பொருள்களால் செய்யப்படுவது. காற்று நிறைந்த மென்மையான பொருள். தீப்பிடித்தால் மளமளவென்று எரியும், நச்சுப்புகை விடும். டிவி, கணினி ஆகியவற்றின் பிளாஸ்டிக் கூடுகளும் சூடேறினால் எளிதில் எரியக்கூடியவை. இவை எரியாமலிருக்க, அல்லது எரியத் தொடங்குவதைச் சற்றுத் தாமதப்படுத்த, தயாரிக்கும்போதே சில இரசாயனங்களைக் கலப்பார்கள். இவற்றைத் தீத்தடுப்பு இரசாயனங்கள் என்கிறோம்.

இவற்றில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று புரோமின் சேர்ந்தவை. பொருள் சூடாகும்போது புரோமின் வெளிவந்து, தீச்சுவாலைக்குள் நடக்கும் வேதிவினைச் சங்கிலியை நடுவில் அறுத்துவிடும். பி.பி.டி.இ. எனப்படும் பிரிவு இக்குடும்பத்தில் பெயர்பெற்றது. பென்டா வகை ஃபோமிலும், ஆக்டா, டெக்கா வகைகள் மின்சாதனங்களின் பிளாஸ்டிக்கிலும் அதிகம் பயன்பட்டன. மற்றொன்று பாஸ்பரஸ் சேர்ந்தவை. இவற்றில் பல, எரியும் பொருளின் மேல் ஒரு கரிப்படலத்தை உண்டாக்கித் தீ உள்ளே போகாமல் தடுக்கும்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை ஃபோமோடும் பிளாஸ்டிக்கோடும் வேதிப்பிணைப்பால் இணைவதில்லை. பொரியில் கலந்த பொட்டுக்கடலைபோல, கூட இருக்கின்றன, ஒட்டியிருக்கவில்லை. குலுக்கினால் கடலை அடியில் சேர்வதுபோல, ஆண்டுகள் செல்லச் செல்ல இவையும் பொருளைவிட்டு வெளியேறுகின்றன. கொஞ்சம் ஆவியாகிக் காற்றில் கலந்து தூசில் படிகிறது. கொஞ்சம், பொருள் தேய்ந்து உதிரும் துகளோடு வருகிறது. பென்டா சேர்த்த ஃபோமில் எடையில் சில சதவீதம் இந்த இரசாயனமே இருந்தது. 10 கிலோ ஃபோமில் 5 சதவீதம் என்றால் அரைக் கிலோ. அது முழுவதும் வெளியேற வேண்டியதில்லை. அதில் மிகச் சிறிய பங்கு போதும், ஒரு வீட்டின் தூசில் பல ஆண்டுகளுக்கு இருந்துகொண்டே இருக்கும்.

12 விநாடியின் விலை

இந்த இரசாயனங்கள் வீடுகளுக்குள் பெருமளவில் நுழைந்த வரலாறு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தோடு தொடர்புடையது. 1975இல் அம்மாநிலம் ஒரு விதி கொண்டுவந்தது. சோபா, நாற்காலி போன்றவற்றின் ஃபோம், சிறு தீச்சுவாலை ஒன்றை 12 விநாடி தாங்க வேண்டும் என்றது அந்த விதி. இதை நிறைவேற்றத் தயாரிப்பாளர்கள் கண்ட எளிய வழி ஃபோமில் இரசாயனத்தைக் கலப்பது. கலிபோர்னியாவுக்கு ஒன்று, மற்ற மாநிலங்களுக்கு ஒன்று என்று தனித்தனியே செய்வது கட்டுப்படியாகாது என்பதால், அமெரிக்கா முழுவதும் விற்ற சாமான்களிலும் இது புகுந்தது.

ஆனால் அந்தச் சோதனையில் ஃபோமை மட்டும் தனியே வைத்துத் தீ காட்டினார்கள். உண்மையான வீட்டில் முதலில் தீப்பிடிப்பது மேலே இருக்கும் துணி. துணி பற்றி எரிந்து பெரிய தீ ஃபோமைத் தொடும்போது, உள்ளே இருக்கும் இரசாயனம் பெரிதாக உதவுவதில்லை. இதை உணர்ந்து கலிபோர்னியா 2013இல் விதியை மாற்றியது. சிகரெட் போன்ற கனலும் பொருள் விழுந்தால் மேல்துணி தாங்குகிறதா என்று பார்ப்பதே புதிய சோதனை. இதற்கு இரசாயனம் தேவையில்லை. ஆக, ஏறத்தாழ 40 ஆண்டுகள், பெரிய பலனில்லாத ஒரு பாதுகாப்புக்காகக் கோடிக்கணக்கான வீடுகளில் இந்தப் பொருள்கள் குடியேறியிருந்தன.

விதி இத்தனை காலம் நீடித்ததற்கு விற்பனையாளர்களின் முயற்சியும் ஒரு காரணம். 2012இல் சிகாகோ டிரிபியூன் நாளிதழ் இதைத் தொடர் கட்டுரைகளாக வெளிக்கொணர்ந்தது. தீக்காய மருத்துவர் ஒருவர் கலிபோர்னியச் சட்டமன்ற உறுப்பினர்கள் முன்னிலையில், தீத்தடுப்பு இல்லாத தலையணையில் படுத்திருந்த குழந்தை தீக்காயத்தால் இறந்ததாகச் சாட்சி சொல்லியிருந்தார். அப்படி ஒரு குழந்தையே இல்லை என்று அந்த நாளிதழ் கண்டறிந்தது. ஒரு பொய்ச்சாட்சி எத்தனை வீடுகளுக்குள் எட்டிப்பார்க்க முடியும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

முன்பே வந்த இரண்டு எச்சரிக்கைகள்

1973இல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு நிறுவனம் இரண்டு பொருள்களைத் தயாரித்து வந்தது. ஒன்று கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் மக்னீசியம் ஆக்சைடு, மற்றொன்று புரோமின் சேர்ந்த தீத்தடுப்புப் பொருள். இரண்டின் வணிகப் பெயர்களும் காதுக்கு ஒன்றுபோல் ஒலித்தன. மூட்டைகள் மாறிப்போயின. தீத்தடுப்புப் பொருள் மாட்டுத் தீவனத்தில் கலந்துவிட்டது. மாடுகள் மெலிந்தன, கன்றுகள் செத்தன. காரணம் கண்டுபிடிப்பதற்குள் பாலும் இறைச்சியும் முட்டையும் மக்கள் வயிற்றுக்குப் போய்விட்டன. சுமார் 30,000 மாடுகளையும் 15 லட்சம் கோழிகளையும் அழிக்க வேண்டியதாயிற்று. அம்மக்களின் உடல்நலத்தை எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்போதும் கவனித்து வருகிறார்கள். ஒருமுறை உடலின் கொழுப்பில் சேர்ந்தது எளிதில் போவதில்லை என்பதே காரணம்.

இரண்டாவது எச்சரிக்கை குழந்தைகளின் இரவு உடையிலிருந்து வந்தது. 1970களில் அமெரிக்கக் குழந்தைகளின் இரவு உடைகளில் டிரிஸ் என்ற புரோமின் சேர்ந்த பொருளைச் சேர்த்தார்கள். ஆர்லீன் புளூம், புரூஸ் ஏம்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள், அது உயிரணுவின் மரபுப்பொருளை மாற்றக்கூடியது என்று 1977 ஜனவரியில் எழுதினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அது இரவு உடைகளில் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலாக வந்தது, புரோமினுக்குப் பதில் குளோரின் சேர்ந்த டிரிஸ். அதிலும் அதே குறை தெரியவந்து, அதுவும் இரவு உடையிலிருந்து விலக்கப்பட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. உடையிலிருந்து போன அந்தக் குளோரின் டிரிஸ், பல ஆண்டுகள் கழித்து சோபாவின் ஃபோமுக்குள் திரும்பி வந்திருந்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஹெதர் ஸ்டேபிள்டனும் அவரது குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஃபோம் உள்ள 101 குழந்தைப் பொருள்களை ஆராய்ந்தார்கள். கார் இருக்கை, பாலூட்டும் தலையணை போன்றவை அவை. 80இல் தீத்தடுப்பு இரசாயனம் இருந்தது. அதிகம் காணப்பட்டது இந்தக் குளோரின் டிரிஸ்தான்.

பாலில் கண்டது, பூனையில் கண்டது

சுவீடனில் தாய்ப்பால் மாதிரிகளைப் பல ஆண்டுகளாகச் சேமித்து வைத்திருந்தார்கள். 1972 முதல் 1997 வரையிலான மாதிரிகளை ஆராய்ந்தபோது, மற்ற பழைய நச்சுகள் குறைந்துகொண்டே வர, பி.பி.டி.இ. மட்டும் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி வந்தது தெரிந்தது. அந்தச் செய்தி ஐரோப்பாவை எழுப்பியது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் பென்டா, ஆக்டா வகைகளுக்குத் தடைவிதித்தது.

அமெரிக்கர்களின் உடலில் இவற்றின் அளவு ஐரோப்பியர்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருந்தது. மீன், இறைச்சி, பால் ஆகியவற்றில் உள்ள அளவைக் கொண்டு மட்டும் இந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. தேடிப்போனபோது விடை வீட்டுத் தூசில் கிடைத்தது. அமெரிக்கர்களுக்கு உணவைவிடத் தூசு வழியாகவே இந்த இரசாயனங்கள் அதிகம் போய்ச் சேர்ந்தன.

இதற்குப் பூனையும் சாட்சி. 2007இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள், வீட்டுப் பூனைகளின் இரத்தத்தில் இந்த இரசாயனங்கள் அமெரிக்கப் பெரியவர்களிடம் இருப்பதைவிட 20 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். காரணம் எளிது. பூனை சோபாவில் படுக்கும், தரையில் புரளும், பிறகு உடம்பு முழுவதையும் நாக்கால் நக்கிச் சுத்தம் செய்யும். ரோமத்தில் ஒட்டிய தூசு அத்தனையும் வயிற்றுக்குள் போகும்.

தவழும் குழந்தைக்கும் பூனைக்கும் இந்த விஷயத்தில் அதிக வித்தியாசம் இல்லை. குழந்தையும் தரையில் புரள்கிறது, கையைச் சப்புகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதே முகமையின் 2011ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு வயது முதல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை நாளொன்றுக்கு மண்ணும் தூசுமாகச் சுமார் 100 மில்லிகிராமும், பெரியவர் சுமார் 50 மில்லிகிராமும் தம்மை அறியாமல் விழுங்குவதாக மதிப்பிடுகிறது. 100 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. ஆனால் குழந்தையின் எடை 12 கிலோ, பெரியவரின் எடை 60 கிலோ என்று வைத்தால், ஒரு கிலோ உடல் எடைக்குக் குழந்தை விழுங்குவது பெரியவரைப்போல் பத்து மடங்கு. ஒரே வீடு, ஒரே தூசு. ஆனால் பாரம் ஒரே அளவு அல்ல.

இன்னொரு செய்தியும் எங்களைச் சிந்திக்க வைத்தது. வட கரோலினா மாநிலத்தில் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் ஸ்டேபிள்டன் குழுவினர் நடத்திய ஆய்வில், குழந்தையின் கையைத் துடைத்த துணியில் எவ்வளவு இருந்ததோ அதற்கேற்ப இரத்தத்திலும் இருந்தது. அதோடு, குறைவாகப் படித்த தந்தையரின் குழந்தைகளிடம் அளவு கூடுதலாக இருந்தது. வசதி குறைந்த வீட்டுக்குத்தான் பழைய சோபாவும் கிழிந்த ஃபோமும் போய்ச் சேருகின்றன. நமது ஊரில் அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நாங்களே என்பதை இந்த வரியைப் படித்தபோது உணர்ந்தோம்.

உடலுக்குள் என்ன செய்கிறது?

கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளை வளர இது அவசியம். அந்த ஹார்மோனின் அமைப்பில் இரண்டு வளையங்கள் ஓர் ஆக்சிஜனால் இணைந்திருக்கும், சுற்றிலும் அயோடின் இருக்கும். பி.பி.டி.இ.யிலும் அதேபோல் இரண்டு வளையங்கள், நடுவில் ஓர் ஆக்சிஜன், சுற்றிலும் அயோடினுக்குப் பதில் புரோமின். சாவி போலத் தோன்றும் கள்ளச்சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான சாவியின் வேலையில் இது குறுக்கிட முடியும்.

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகளைக் கருவிலிருந்தே தொடர்ந்து கவனித்த பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாயின் இரத்தத்தில் பி.பி.டி.இ. அதிகம் இருந்த குழந்தைகளுக்குக் கவனம் செலுத்துவதிலும் நுண்ணிய கைவேலைகளிலும் குறைவு இருந்ததாக 2013இல் எழுதினார்கள். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் தொப்புள்கொடி இரத்தத்தை வைத்து நடத்திய ஆய்வும் அதே திசையைக் காட்டியது. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பீடு, தாயின் உடலில் இதன் அளவு பத்து மடங்கு கூடும்போது குழந்தையின் நுண்ணறிவு எண் சராசரியாக 3.7 புள்ளி குறைவதாகக் கணக்கிட்டது.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது குழந்தையைப் படுக்கையில் தள்ளும் நோய் அல்ல. ஒரு குழந்தையைப் பார்த்து, இவனுக்கு இதனால்தான் படிப்பு வரவில்லை என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தலைமுறையே சிறிது சிறிதாக இழப்பது சிறிய இழப்பு அல்ல.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பாலில் இது காணப்பட்டது என்று படித்துவிட்டு யாரும் தாய்ப்பாலை நிறுத்திவிடக் கூடாது. தாய்ப்பாலின் நன்மை இந்தக் கவலையைவிட மிகப் பெரியது. குறைக்க வேண்டியது தூசை, பாலை அல்ல.

தடை வந்தது, பொருள் இருக்கிறது

நல்ல செய்தியும் உண்டு. நிலைத்த மாசுப்பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் 2009இல் பென்டா, ஆக்டா வகைகளின் கூறுகளும், 2017இல் டெக்காவும் சேர்க்கப்பட்டன. இந்திய அரசு 2018இல் வெளியிட்ட விதிகள், பென்டா, ஆக்டா உட்பட ஏழு இரசாயனங்களின் தயாரிப்பு, வணிகம், பயன்பாடு, இறக்குமதி ஆகியவற்றைத் தடைசெய்தன. மின்சாதனங்களில் பி.பி.டி.இ. 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று நமது மின்கழிவு விதிகளும் சொல்கின்றன. தடையால் பலன் உண்டா? சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் இரத்தத்தில் 2008-09க்கும் 2011-12க்கும் இடையே பி.பி.டி.இ. அளவு 65 சதவீதம் குறைந்திருந்தது.

ஆனால் சட்டம் புதிதாகச் செய்வதைத் தடுக்கும். ஏற்கெனவே செய்து வீட்டில் கிடப்பதை அது எடுத்துப்போகாது. பழைய சோபாவுக்கு ஆயுள் நீளம். பழைய டிவியின் கறுப்புப் பிளாஸ்டிக் காயலான் கடைக்குப் போய், உருக்கப்பட்டு, வேறு பொருளாகத் திரும்பி வருகிறது. பல நாடுகளில் மலிவான கறுப்புப் பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருள்களில் ஆக்டாவும் டெக்காவும் காணப்பட்டது இதனால்தான். தடைசெய்யப்பட்டவற்றின் இடத்துக்குப் பாஸ்பரஸ் வகைகள் வந்திருக்கின்றன. இவை உடலில் ஆண்டுக்கணக்கில் தங்குவதில்லை, சில நாட்களுக்குள் வெளியேறிவிடுகின்றன. ஆனால் தூசு தினமும் இருந்தால் இவையும் தினமும் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு பூஜ்யம் விடுபட்ட கதை

கறுப்புப் பிளாஸ்டிக் என்றதும் சிலருக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தி நினைவுக்கு வரலாம். கறுப்புக் கரண்டிகளை உடனே தூக்கி எறியுங்கள் என்று 2024இல் உலகெங்கும் செய்தி பரவியது. அதற்கு அடிப்படையான ஆய்வில் ஒரு கணக்குப் பிழை இருந்தது. டெக்காவுக்கான வரம்பு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 7,000 நானோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60ஐ 7,000ஆல் பெருக்கினால் 4,20,000. ஆய்வில் 42,000 என்று எழுதிவிட்டார்கள். கரண்டியிலிருந்து உடலுக்குள் போகக்கூடியதாக அவர்கள் மதிப்பிட்டது 34,700. தவறான வரம்போடு ஒப்பிட்டால் ஆபத்தின் விளிம்பு. சரியான வரம்போடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த ஆண்டு டிசம்பரில் திருத்தம் வெளியானது. ஆனால் முதல் செய்தி ஓடிய வேகத்தில் திருத்தம் ஓடவில்லை.

இதில் நமக்கு இரண்டு பாடம். மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் இந்த இரசாயனம் இருந்தது உண்மை, அலட்சியம் வேண்டாம். எண்ணைப் பார்த்ததும் பீதியடைந்து பத்துப் பேருக்கு அனுப்பவும் வேண்டாம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. கை கழுவுதல். சோற்றைக் கையால் பிசைந்து உண்பவர்கள் நாம். ஒளுச் செய்யும் பெரியவர்களின் கை நாளில் பலமுறை நீரைக் காண்கிறது. ஆனால் அதிகம் விழுங்குவது தவழும் பிள்ளை. பிள்ளைக்கு ஊட்டுமுன் உங்கள் கையை மட்டுமல்ல, பிள்ளையின் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நியூயார்க்கில் 32 தாய்மார்களை வைத்து நடத்திய சோதனையில், கூடுதலாகக் கை கழுவுவதாலும் ஈரத்துணியால் வீட்டைத் துடைப்பதாலும் இரண்டே வாரத்தில் இந்த இரசாயனங்களில் சிலவற்றின் அளவு கணிசமாகக் குறைந்தது.

2. ஈரத்துணி. விளக்குமாற்றால் மட்டும் கூட்டினால் நுண்ணிய தூசு எழும்பி மறுபடி படியும். கூட்டிய பின் ஈரத்துணியால் துடையுங்கள். கட்டிலுக்கு அடியில், டிவியின் பின்புறம், மின்விசிறி இறக்கைகள், சோபாவின் மடிப்புகள் ஆகியவற்றை மறக்க வேண்டாம். அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வேறு அறையில் வையுங்கள்.

3. கிழிந்த ஃபோம். உறை கிழிந்தால் அன்றே தையுங்கள். உள்ளே ஃபோம் பொடிந்து உதிர ஆரம்பித்துவிட்டால் அதற்குமேல் அதை வைத்திருக்க வேண்டாம். துண்டு ஃபோமைத் தலையணைக்குள் திணிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுவோம்.

4. புதிதாக வாங்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இலவம்பஞ்சு மெத்தையும் கோரைப்பாயும் நம் ஊரில் இன்னும் கிடைக்கின்றன.

5. எரிக்காதீர்கள். பழைய ஃபோமையும் வயரையும் டிவிக் கூட்டையும் கொளுத்தினால், புரோமினும் குளோரினும் சேர்ந்த இன்னும் கொடிய நச்சுகள் புகையில் வரும். செம்புக்காக வயரை எரிக்கும் பிள்ளைகளைக் கண்டால் அன்போடு தடுத்து நிறுத்துங்கள். மின்கழிவை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டும் கொடுங்கள்.

6. சோபா தைக்கும் சகோதரர்களும், டிவி, கணினி பழுதுபார்ப்பவர்களும் வேலைச் சட்டையை மாற்றி, கை முகம் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

7. தீ பற்றிய கவனம். இரசாயனத்தைக் குறை சொல்வது தீயைக் குறைத்து மதிப்பிடுவது ஆகாது. பஞ்சு மெத்தையும் எரியும். கொசுவர்த்திச் சுருளைக் கட்டிலுக்குக் கீழே வைக்காதீர்கள். மெழுகுவர்த்தியைத் துணிக்கு அருகில் விடாதீர்கள். இரவில் கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். ஒரே பிளக்கில் பல சாதனங்களைச் செருகாதீர்கள். தீயைத் தடுப்பதில் முதல் இடம் நம் எச்சரிக்கைக்குத்தான்.

நாங்கள் எடுத்த முடிவு

இதையெல்லாம் படித்த பிறகு நிர்வாகக் குழு கூடியது. கொடுத்த மற்ற மூன்று மெத்தைகளையும் இரண்டு சோபாக்களையும் போய்ப் பார்த்தோம். ஒரு மெத்தையும் ஒரு சோபாவும் அதேபோல் பொடிந்திருந்தன. அந்த வீட்டார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கொடுத்தவர் மனம் நோகக் கூடாதே என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். அதுதான் எங்களை அதிகம் வருத்தியது. பொடிந்தவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட வீடுகளுக்குப் புதிய இலவம்பஞ்சு மெத்தைகள் வாங்கிக் கொடுத்தோம். முதலில் வந்த அந்தத் தாயின் வீட்டுக்கு நேரில் சென்று, அன்று நாங்கள் மனத்தில் நினைத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். "அதுக்கென்ன காக்கா, புள்ளைக்காகத்தானே வந்து சொன்னேன்" என்றார். பிள்ளை இப்போது நடக்கிறான்.

இனி நமது டிரஸ்ட் பழைய பொருள்களைப் பெறும்போது மூன்று விதிகளைப் பின்பற்றும். உறை கிழிந்த, ஃபோம் உதிரும் மெத்தை, சோபா, தலையணை எதையும் வாங்க மாட்டோம். ஓடாத டிவி, கணினி ஆகியவற்றைப் பிரிக்காமல், எரிக்காமல், மின்கழிவாகவே அனுப்புவோம். எந்தப் பொருளையும், நம் சொந்தப் பிள்ளையை அதன்மேல் படுக்கவைப்போமா என்று கேட்டுப் பார்த்த பிறகே இன்னொரு வீட்டுக்குக் கொடுப்போம். அன்பளிப்புத் தருவோர் இதைத் தவறாக எண்ண வேண்டாம். வேண்டாததை அகற்றுவது வேறு, தேவையுள்ளவருக்குக் கொடுப்பது வேறு.

குடும்பத்தோடு கலந்து பேச

இந்த வாரம் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு வீட்டார் அனைவரும் உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

நம் வீட்டில் ஃபோம் உள்ள பொருள்கள் எத்தனை? அவற்றில் உறை கிழிந்தது எது?

வீட்டில் மிக அதிகமாகத் தூசு சேரும் மூன்று இடங்கள் எவை? அங்கே யார் விளையாடுகிறார்கள்?

வீட்டின் சின்னப் பிள்ளையின் கையை நேற்று எத்தனை முறை கழுவினோம்?

நாம் கடைசியாக இன்னொருவருக்குக் கொடுத்த பழைய பொருள் எது? அது எந்த நிலையில் இருந்தது?

கடைசிக் கேள்விக்கு எங்கள் விடையை மேலே சொல்லிவிட்டோம். உங்கள் விடையும் நம் மஹல்லாவின் ஒரு பிள்ளைக்குப் பயன்படட்டும். டிரஸ்ட் கொடுத்த பொருள் எதிலாவது இத்தகைய குறை இருந்தால், தயங்காமல் அலுவலகத்துக்கு வந்து சொல்லுங்கள். குறை சொல்லாமல் பொறுத்துக்கொள்வதைவிட அதுவே நீங்கள் எங்களுக்குச் செய்யும் உதவி. அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், சமையலறைப் புகையைப் பற்றிப் பேசுவோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்